இருமும் நாய்க்கு எந்த டெஸ்ட்? மலையில் இருப்பவர்களுக்கு ஒரு கணக்கு

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என்று எங்கே இருந்தாலும் நாய் வளர்க்கிறவர்கள் ஒருநாள் இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள். நாய் இருமுகிறது, மூக்கு ஒழுகுகிறது, கண்ணில் பீளை கட்டுகிறது. டாக்டர், "இங்கேயே கிட் போட்டுப் பாத்துடலாமா, இல்ல ஸ்வாப் எடுத்து லேபுக்கு அனுப்பலாமா?" என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர், "இதுக்கெல்லாம் எதுக்குங்க டெஸ்ட்டு, மிளகுக் கஷாயம் குடுங்க, சரியாயிடும்" என்கிறார். மூன்றிலும் நியாயம் இருக்கிறது, கஷாயத்தைத் தவிர.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த டெஸ்ட் நல்லது என்று கேட்பதற்கு முன்னால், ரிசல்ட் வந்தபிறகு நாம் வேறு மாதிரி ஏதாவது செய்யப்போகிறோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். என்ன பதில் வந்தாலும் அதே மருந்து, அதே ஓய்வு, அதே தனி அறை என்றால் டெஸ்ட் வேண்டாம், அந்தக் காசை நாயின் சாப்பாட்டுக்குச் செலவழிக்கலாம். ஆனால் வீட்டில் இன்னும் இரண்டு நாய் இருக்கிறது, அல்லது வந்திருப்பது தடுப்பூசி போடாத குட்டி, அல்லது எஸ்டேட் லைனில் ஊர் நாய்களோடு சேர்ந்து திரிகிற நாய், அல்லது அடுத்த வாரம் போர்டிங்கில் (நாம் ஊரில் இல்லாதபோது நாயைப் பார்த்துக்கொள்ளும் விடுதி) விட்டே ஆகவேண்டும் என்றால் பதிலைப் பொறுத்துப் பல விஷயங்கள் மாறும். அப்போது டெஸ்ட் வேண்டும். எது வேண்டும் என்பதுதான் மீதிப் பேச்சு.

யார் யார் மேல் சந்தேகம் என்று ஒருமுறை பார்த்துவிடலாம். 'கென்னல் காஃப்' என்று நாம் சொல்வது ஒரே கிருமியின் வேலை கிடையாது. பாராஇன்ஃபுளுயன்ஸா, அடினோவைரஸ் 2, இன்ஃபுளுயன்ஸா, 2003-இல் பிரிட்டனில் கண்டுபிடிக்கப்பட்ட சுவாசக் கொரோனா வைரஸ் (நைன் இன் ஒன் ஊசியில் இருக்கும் கொரோனா குடலைத் தாக்குகிற வேறு வகை, அந்த ஊசி இந்த இருமலைத் தடுக்காது), இவற்றோடு போர்டெடெல்லா, மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாக்கள், எல்லாம் ஒரே கூட்டம். இவற்றில் பெரும்பாலானவை வளர்ந்த, ஆரோக்கியமான நாயை ஒன்றிரண்டு வாரம் இருமவைத்துவிட்டுப் போய்விடும். இந்தக் கூட்டத்தில் தனியாக நிற்பது டிஸ்டெம்பர். தொடக்கத்தில் அதுவும் சாதாரணச் சளி மாதிரியேதான் வரும், ஆனால் அங்கே நிற்காது. வயிற்றுக்குப் போகும், வாந்தி பேதி வரும், பல நாய்களில் மூளைக்கும் போகும். சளி சரியாகி, நாய் தேறிவிட்டது என்று நாம் நிம்மதியாக இருக்கும்போது, 1 முதல் 3 வாரம் கழித்துக்கூட வலிப்பு வரலாம். வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. ஆகவே டெஸ்ட்டுக்கு நாம் கொடுக்கும் காசு பெரும்பாலும் ஒரே கேள்விக்குத்தான்: இது டிஸ்டெம்பரா, இல்லையா?

டெஸ்ட்டே எடுக்காமல் இருப்பதையும் ஒரு வழியாகவே எண்ணுகிறேன். மே மாத சீசனில் போர்டிங்கில் இருந்துவிட்டு வந்த, ஊசியெல்லாம் ஒழுங்காகப் போட்ட, 4 வயது லாப்ரடார் தொண்டையில் எதோ சிக்கியது போல வறட்டு இருமல் இருமுகிறது, ஆனால் தட்டைக் காலி செய்கிறது, பந்தைத் துரத்துகிறது, காய்ச்சல் இல்லை. இதற்குக் கிட் வேண்டாம், லேபும் வேண்டாம். நாய் பூனைகளின் சுவாச நோய்க்கு ஆன்டிபயாடிக் எப்போது கொடுப்பது என்று 2017-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதலும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறது: மூக்கில் மஞ்சள் சளி இருந்தாலும், காய்ச்சல், சோர்வு, சாப்பிடாமை எதுவும் சேராதவரை முதல் 10 நாள் ஆன்டிபயாடிக் இல்லாமலே கவனிக்கலாம், கொடுக்க வேண்டி வந்தால் டாக்சிசைக்ளின் 7 முதல் 10 நாள். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு மார்புப் பட்டை போடுங்கள், விறகு அடுப்புப் புகை பக்கம் விடாதீர்கள், மற்ற நாய்களிடமிருந்து பிரித்துவையுங்கள். சாப்பாட்டை மறுத்தாலோ மூச்சு வேகமானாலோ அன்றே கிளம்புங்கள். அவ்வளவுதான் வேலை.

அடுத்தது கிளினிக்கிலேயே போடும் ஸ்டிரிப். கோவிட் காலத்தில் எல்லோரும் பார்த்த அதே வகைதான். ஸ்வாபில் எடுத்ததைக் குப்பியில் உள்ள திரவத்தில் கலக்கிச் சில சொட்டு விட்டால், வைரஸின் புரதம் இருக்கும்பட்சத்தில் சி கோட்டோடு டி கோடும் எழும். 10 நிமிடத்தில் பதில். கொரியாவின் பயோநோட் தயாரிக்கும் அனிஜென் கிட் ஒன்று, அப்புறம் சீனத் தயாரிப்புகள் பல. டிஸ்டெம்பர் மட்டும் பார்ப்பவை, அடினோவைரஸையும் சேர்த்துப் பார்ப்பவை, இன்ஃபுளுயன்ஸாவும் சேர்ந்த மூன்று ஜன்னல் கிட்கள் என்று வகை வகையாக இருக்கின்றன.

மூன்று ஜன்னல் கிட்டுக்குக் கூடுதலாகக் காசு கொடுப்பது ஒற்றை நாய் இருக்கும் வீட்டுக்கு வீண் என்பது என் எண்ணம். இன்ஃபுளுயன்ஸா வைரஸ் தொற்றிய 2 முதல் 4 நாளுக்குள்தான் மூக்கிலிருந்து அதிகமாக வெளியேறும். நாமோ இருமலை நாலு நாள் பார்த்துவிட்டு ஐந்தாம் நாள்தான் டாக்டரிடம் போகிறோம், அதற்குள் ஸ்டிரிப் பிடிக்கும் அளவுக்கு வைரஸ் மிஞ்சியிருக்காது. போர்டிங்கிலோ காப்பகத்திலோ பத்து நாய் ஒரே வாரத்தில் இருமத் தொடங்கினால் கதை வேறு. அப்போது அன்றைக்குப் புதிதாக இருமத் தொடங்கிய நாய்களாகப் பார்த்து நாலைந்துக்கு ஸ்வாப் எடுத்தால் ஒன்றிலாவது சிக்கும். நாய்க்கு வரும் இந்த இன்ஃபுளுயன்ஸா அப்படிக் கூட்டமாகத்தான் பரவும். குதிரையிலிருந்து தாவிய எச்3என்8 2004-இல் ஃபுளோரிடாவின் பந்தய நாய்களிடமும், பறவையிலிருந்து தாவி ஆசியாவில் நாய்களிடம் நிலைத்த எச்3என்2 2015-இல் சிகாகோவிலும் அப்படித்தான் வெளியே தெரிந்தன. வீட்டில் மிச்சம் கிடக்கும் கோவிட் கிட்டை நாய்க்குப் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம், அது வேறு கொரோனா.

டிஸ்டெம்பர் ஸ்டிரிப்புக்கு வருவோம், நம் காசு அதில்தான் இருக்கிறது. இதைப் பற்றி இரண்டு கட்சி உண்டு: "கோடு வந்தா முடிஞ்சுது" என்பவர்கள், "அந்தக் கிட்டெல்லாம் நம்பவே முடியாது" என்பவர்கள். இரண்டுமே அரைகுறை. வெறும் கணக்குக்காக ஒரு கிட்டை வைத்துக்கொள்வோம்: நோய் உள்ள 100 நாயில் 70-ஐப் பிடிக்கும், நோய் இல்லாத 100-இல் 3-ஐத் தவறாகப் பிடிக்கும். (இது எந்தக் கம்பெனிக் கிட்டின் கணக்கும் அல்ல, பெட்டியில் அச்சிட்ட எண்கள் பெரும்பாலும் இதைவிட அழகாக இருக்கும்.) இப்போது ஊசி போடாத, காய்ச்சலும் பீளையும் சளியுமாக வந்த 100 குட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் 60-க்கு உண்மையிலேயே டிஸ்டெம்பர். கிட் 42-ஐப் பிடிக்கும், 18-ஐ விட்டுவிடும், நோய் இல்லாத 40-இல் ஒன்றைத் தவறாகக் காட்டும். அதாவது பாசிட்டிவ் வந்த 43-இல் 42 உண்மை. நெகட்டிவ் வந்த 57-இல் 18-க்கு நோய் இருக்கிறது, கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று.

அதே கிட்டை, ஊசி எல்லாம் போட்டு, லேசாக இருமிக்கொண்டு வரும் 100 வளர்ந்த நாய்களுக்குப் போட்டால்? அதில் 2-க்குத்தான் டிஸ்டெம்பர் என்று வையுங்கள். உண்மையான பாசிட்டிவ் ஒன்றோ இரண்டோ, பொய்யான பாசிட்டிவ் 3. வந்த கோட்டில் பாதிக்கு மேல் பொய். ஸ்டிரிப் மாறவில்லை, நாய்தான் மாறியிருக்கிறது. ஆகவே டாக்டர் கோட்டைக் காட்டும்போது நாயின் வயதும் ஊசி அட்டையும் பக்கத்தில் இருக்க வேண்டும். சந்தேகம் பலமாக உள்ள குட்டிக்குப் பாசிட்டிவ் வந்தால் நம்பி நடவடிக்கை எடுங்கள், நெகட்டிவ் வந்தால் விட்டுவிடாதீர்கள். சந்தேகமே இல்லாத நாய்க்குப் பாசிட்டிவ் வந்தால் லேபில் உறுதி செய்யாமல் எதையும் முடிவெடுக்காதீர்கள், முக்கியமாகக் கருணைக்கொலை பற்றிப் பேசவே பேசாதீர்கள். பாசிட்டிவ் குட்டிக்கும் அன்றே அந்தப் பேச்சு தேவையில்லை. நல்ல பராமரிப்பில் பிழைத்துவரும் நாய்கள் உண்டு, சிலவற்றுக்குக் காலிலோ தாடையிலோ ஒரு துடிப்பு மட்டும் நிரந்தரமாக நின்றுவிடும், அதோடும் அவை நன்றாகவே வாழ்கின்றன.

ஸ்டிரிப் பொய் சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் ஸ்டிரிப் அல்ல, ஸ்வாப். கண்ணோரம் வடிந்து நிற்கும் பீளையைத் தொட்டு எடுத்தால் போதாது. வைரஸ் இருப்பது இமையின் உள்தோல் செல்களில். பீளையைத் துடைத்துவிட்டு, கீழிமையை இழுத்து, சலைனில் நனைத்த ஸ்வாபை உள்பக்கத் தோலில் உருட்டி எடுக்க வேண்டும், நாய் கொஞ்சம் முகம் சுளிக்கும் அளவுக்கு. கண்ணில் மருந்து விடுவதற்கு முன்னால் எடுக்க வேண்டும். ஒரே குப்பியில் கண், மூக்கு இரண்டையும் சேர்க்கலாமா என்பதைக் கிட்டின் தாளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். நாளும் முக்கியம்: நோயின் ஆரம்பத்தில்தான் கண்ணில் வைரஸ் நிறைய இருக்கும், நாயின் உடம்பு எதிர்ப்புச் சக்தியை உருவாக்க உருவாக்க அது அங்கே மறைந்துவிடும். மூன்றாவது வாரம் வலிப்போடு வரும் நாய்க்குக் கண் ஸ்வாபில் நெகட்டிவ் வந்தால் அதற்கு அர்த்தமே இல்லை.

இனி மலைக்கே உரிய ஒரு சங்கதி. இந்தக் கிட்களைப் பொதுவாக 2 முதல் 30 டிகிரிக்குள் வைக்கச் சொல்வார்கள், ஆனால் பரிசோதனை செய்யும்போது 15 டிகிரிக்கு மேலான அறை வெப்பத்துக்குக் கொண்டுவரச் சொல்வார்கள். கீழே கோயம்புத்தூரில் இது ஒரு பிரச்சினையே இல்லை. ஜனவரியில் தலைக்குந்தா பக்கம் புல்லில் உறைபனி கிடக்கும் காலையில், ஹீட்டர் போடாத கிளினிக் அறையில், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கிட்டை உடனே போட்டால் திரவம் மெதுவாகத்தான் ஏறும், மங்கலான கோடு எழாமலே போகலாம். கிட்டையும் குப்பியையும் அரை மணி நேரம் முன்னாடியே வெளியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் சுவரே வியர்க்கும், அப்போது பையை முன்கூட்டியே கிழித்து வைத்தால் ஸ்டிரிப் ஈரம் குடித்துவிடும். ஸ்வாப் தயாரான பிறகு பையைக் கிழிக்க வேண்டும். 10 நிமிடத்தில் படிக்கச் சொன்னால் 10 நிமிடம். டீ குடித்துவிட்டு வந்து அரை மணி கழித்துத் தெரியும் மங்கல் கோடு கணக்கில் சேராது. இதையெல்லாம் டாக்டரிடம் எப்படிக் கேட்பது என்று தயங்குகிறவர்கள், "கிட் ஃபிரிட்ஜ்ல இருந்ததாங்க டாக்டர்?" என்று சும்மா கேட்டால் போதும், புரிந்துகொள்வார்.

ஆன்லைனில் கிட் வாங்கி வீட்டிலேயே போடுவதைப் பற்றி: நான் பரிந்துரைக்க மாட்டேன். ஸ்வாப் எடுக்கத் தெரியாதது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு, அதற்குப் பின்னால் வருகிறேன்.

மூன்றாவது வழி பிசிஆர். வைரஸின் மரபணுவையே பெருக்கிப் பார்ப்பதால் மிகக் கொஞ்சம் இருந்தாலும் பிடித்துவிடும். பேனலாக எடுத்தால் டிஸ்டெம்பர், பாராஇன்ஃபுளுயன்ஸா, அடினோ, கொரோனா, இன்ஃபுளுயன்ஸா, கூடவே போர்டெடெல்லா, மைக்கோபிளாஸ்மா என்று எல்லாவற்றையும் ஒரே ஸ்வாபில் பார்த்துவிடலாம். துல்லியத்தை மட்டும் பார்த்தால் ஸ்டிரிப் பக்கத்திலேயே நிற்க முடியாது. தனியார் லேபில் விலை ஸ்டிரிப்பைப் போலப் பல மடங்கு ஆகும், முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் நமக்கும் லேபுக்கும் நடுவில் ஒரு மலை இருக்கிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆய்வகங்கள் சென்னை மாதவரத்திலும் வேப்பேரியிலும், கல்லூரி நாமக்கல்லிலும் இருக்கின்றன. ஊட்டியிலிருந்து சென்னை 500 கிலோமீட்டருக்கு மேல். கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்குக் கேரளப் பக்கம் வயநாட்டில் பூக்கோடு கால்நடைப் பல்கலைக்கழகம் கிட்டத்தில் உண்டு, பழனி மலைப் பக்கம் இருப்பவர்களுக்கு 2020-க்குப் பிறகு உடுமலைப்பேட்டையிலும் தேனி வீரபாண்டியிலும் கல்லூரிகள் வந்திருக்கின்றன. எந்த இடத்தில் எந்த வைரஸுக்கு இப்போது எடுக்கிறார்கள் என்பதை டாக்டர் மூலமே போன் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள், நாம் கேட்பதைவிட அவர் கேட்டால் பதில் தெளிவாக வரும்.

ஸ்வாபை அனுப்புவதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். இந்த வைரஸ்களில் பலவற்றின் மரபணு ஆர்என்ஏ; வெயிலில் வைத்த ஐஸ் மாதிரி, குளிர்ச்சி விட்டால் கரைந்துகொண்டே போகும். ஐஸ் பேக்கோடு, தெர்மாகோல் பெட்டியில், லேப் சொல்லும் திரவத்தில்தான் போக வேண்டும். மரக்குச்சியில் பஞ்சு சுற்றிய ஸ்வாப் வேண்டாம், அது பிசிஆரையே கெடுக்கும். பிளாஸ்டிக் குச்சியில் செயற்கை இழை உள்ளது வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை கூரியரில் போட்டால் ஞாயிறு முழுக்க ஏதோ ஒரு குடோனில் உட்கார்ந்திருக்கும், திங்கள், செவ்வாயில் அனுப்புவது நல்லது. வடகிழக்குப் பருவமழையில் குன்னூர் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவார்கள், அதுவும் சரிந்தால் எதுவும் கீழே போகாது. இப்படிப்பட்ட வாரத்தில் பிசிஆரை நம்பி முடிவைத் தள்ளிப்போடக் கூடாது.

பிசிஆருக்கும் குழப்பங்கள் உண்டு. உயிருள்ள வைரஸை வலுக்குறைத்துச் செய்த ஊசி போட்ட சில வாரங்களுக்கு, அந்த ஊசி வைரஸையே பிசிஆர் பிடித்து "பாசிட்டிவ்" என்று சொல்லலாம். மூக்கில் விடும் கென்னல் காஃப் தடுப்பு மருந்துக்கும் இது பொருந்தும். எத்தனை வைரஸ் இருந்தது என்ற அளவைச் சேர்த்துத் தரும் லேப் என்றால் இதைப் பெரும்பாலும் பிரித்துப் பார்த்துவிடலாம், வெறும் பாசிட்டிவ் நெகட்டிவ் மட்டும் தந்தால் முடியாது. ஊசி போட்ட தேதியை விண்ணப்பத்தில் எழுதாமல் அனுப்பாதீர்கள். இருமல் தொடங்கி ஒரு வாரம், பத்து நாள் தாண்டிவிட்டால் மூக்கு ஸ்வாபில் பல வைரஸ்கள் போயிருக்கும். டிஸ்டெம்பர் மட்டும் விதிவிலக்கு, சிறுநீர்ப்பையின் உள்தோலில் அது நீண்ட நாள் தங்கும். அதனால் பிந்தி வந்த நாய்க்கு, வலிப்பு வந்த நாய்க்குச் சிறுநீரையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். இந்த ஒரு யோசனை பல நெகட்டிவ்களை மாற்றும்.

நான்காவதாக ரத்தத்தில் ஆன்டிபாடி, அதாவது நோய்க்கோ ஊசிக்கோ பதிலாக உடம்பு உருவாக்கும் எதிர்ப்புப் புரதம், பார்க்கும் கிட். இருமுகிற நாய்க்கு இது கிட்டத்தட்டப் பயனில்லை. நீண்ட நாள் நிற்கும் ஐஜிஜி வகை ஆன்டிபாடி இருந்தால் பழைய ஊசியா, பழைய நோயா, இப்போதைய நோயா என்று தெரியாது. முதலில் உருவாகும் ஐஜிஎம் வகை கொஞ்சம் மேல், ஆனால் சமீபத்தில் ஊசி போட்டிருந்தால் அதுவும் ஏறித்தான் இருக்கும். ஆனால் இதே கிட், நோய் வராத மற்ற நாய்களுக்கு அருமையான பொருள். வீட்டில் ஒன்றுக்கு டிஸ்டெம்பர் உறுதியாகிவிட்டது, மீதி நான்கில் எதைப் பற்றிக் கவலைப்படுவது? இஸ்ரேலின் பயோகால் நிறுவனத்தின் வாக்சிசெக் போன்ற கிட்டில் டிஸ்டெம்பர் ஆன்டிபாடி நன்றாக இருக்கும் வளர்ந்த நாய்களைப் பாதுகாப்பானவை என்று ஒதுக்கிவிடலாம், இல்லாதவற்றுக்கு அன்றே ஊசி போட்டுத் தனித்தனியாகக் கண்காணிக்கலாம். காப்பகம் நடத்துகிறவர்கள் இதற்குச் செலவழித்தால் அது வீண் அல்ல. ஒன்று, குட்டிகளில் தாய்ப்பால் வழி வந்த ஆன்டிபாடியும் கோடு காட்டும், அதை நம்பி ஊசியை நிறுத்தக் கூடாது.

அப்புறம் யாரும் பெரிதாகப் பேசாத ஐந்தாவது வழி: சாதாரண ரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும். ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவிச் சாயம் ஏற்றிப் பார்த்தால், டிஸ்டெம்பரின் தொடக்கத்தில் லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை விழுந்திருக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் செல்லுக்குள் வைரஸின் திட்டுகள் தெரியும். தெரிந்தால் அது உறுதி, தெரியாவிட்டால் ஒன்றும் சொல்வதற்கில்லை. அதே கண்ணாடியில் உண்ணிக் காய்ச்சலும் தெரியும். கூடலூர், மசினகுடி உயரத்தில் காய்ச்சலோடு மூக்கில் ரத்தம் வந்தால் நான் டிஸ்டெம்பருக்கு முன்னால் உண்ணியைத்தான் சந்தேகிப்பேன். ஒரு பக்க மூக்கில் மட்டும் ரத்தமும் ஓயாத தும்மலும் என்றால், மழைக்காலமாகவும் இருந்தால், உள்ளே அட்டை ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், இதற்கு எந்தக் கிட்டும் வேண்டாம், டார்ச் போதும். எக்ஸ்ரே வைரஸின் பெயரைச் சொல்லாது, நிமோனியா இருக்கிறதா என்று சொல்லும். மூச்சு வாங்குகிற நாய்க்கு முதல் காசு எக்ஸ்ரேக்குத்தான், ஏனென்றால் இன்று இரவு வீட்டில் வைத்துப் பார்ப்பதா, ஆக்சிஜன் உள்ள இடத்துக்குக் கொண்டுபோவதா என்பதை அதுதான் சொல்லும், வைரஸின் பெயர் நாளைக்கு வந்தாலும் பரவாயில்லை.

இதையெல்லாம் வைத்து நான் எப்படி எடுப்பேன் என்றால், தடுப்பூசி போடாத குட்டிக்கு முதல் நாளே டிஸ்டெம்பர் ஸ்டிரிப்பும் ரத்தத் தடவலும். பாசிட்டிவ் என்றால் டிஸ்டெம்பர் என்றே வைத்துக்கொண்டு பிரித்து, மற்ற நாய்களுக்கு ஊசி. நெகட்டிவ் என்றாலும் பிரித்துத்தான் வைப்பேன், அதோடு கண், மூக்கு, தொண்டை ஸ்வாபும் சிறுநீரும் பிசிஆருக்கு. காசு இடிக்கிறது என்றால் மூன்று நாள் கழித்து இன்னொரு ஸ்டிரிப். இரண்டாம் ஸ்டிரிப் பிசிஆருக்கு ஈடு இல்லை, ஆனால் சும்மா இருப்பதைவிட எவ்வளவோ மேல். போர்டிங், காப்பகம் என்று பல நாய்கள் சேர்ந்த இடத்தில் நேரே பிசிஆர் பேனல், அதுவும் எல்லா நாய்க்கும் இல்லை, புதிதாக நோய்ப்பட்ட 3 முதல் 5 நாய்க்கு மட்டும், பதில் வரும்வரை உள்ளேயும் விடாதே வெளியேயும் விடாதே. டிஸ்டெம்பரிலிருந்து தேறிய நாயை மற்ற நாய்களோடு எப்போது சேர்ப்பது என்ற முடிவுக்கு மட்டும் ஸ்டிரிப்பைத் தொடவே கூடாது. தேறிய பிறகும் இரண்டு, மூன்று மாதம் வரை சில நாய்கள் வைரஸை வெளியேற்றும், ஸ்டிரிப் அந்த அளவைப் பிடிக்காது. இடைவெளி விட்டு எடுத்த இரண்டு பிசிஆர் நெகட்டிவ் வேண்டும்.

நாய் வீட்டோடு இருக்கிறது, சாலையில் விடுவதில்லை என்றாலும் மலையில் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். டிஸ்டெம்பர் வைரஸ் சமவெளி வெயிலில் சில மணி நேரத்தில் செத்துவிடும், குளிரிலும் நிழலிலும் வாரக்கணக்கில் தாங்கும். சோப்பு, பிளீச்சிங் பவுடர் எதற்கும் தாங்காது என்பது நல்ல செய்தி, ஆகவே தட்டு, கோணி, கூண்டு எல்லாவற்றையும் கழுவிக் காயவையுங்கள். தேயிலைத் தோட்டத்து நாய் எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் செந்நாயும் சிறுத்தையும் வருகின்றன, சிறுத்தை நாயைத் தேடியே வருகிறது. இந்த வைரஸ் நாய்க் குடும்பத்தோடு நிற்பதில்லை: 1994-இல் செரங்கெட்டியில் ஏறக்குறைய 1,000 சிங்கங்கள் இதனால் செத்தன, 2018-இல் கிர் காட்டில் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் அடுத்தடுத்து இறந்தபோது சிலவற்றில் இதே வைரஸைக் கண்டுபிடித்து, மற்றவற்றுக்கு அமெரிக்காவிலிருந்து ஊசி வரவழைத்துப் போட்டார்கள். முதுமலையை ஒட்டிய ஊர்களில் ஒரு நாய்க்கு டிஸ்டெம்பர் உறுதியானால் உங்கள் வீட்டு விஷயம் என்று வைத்துக்கொள்ளாமல் கால்நடைத் துறைக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடச் சொல்வேன்.

வீட்டில் கிட் போடாதீர்கள் என்றதற்குப் பெரிய காரணம் ரேபிஸ். மூளையைத் தொட்ட டிஸ்டெம்பரும் ரேபிஸும் வெளிப்பார்வைக்குக் குழப்பும்: வாயில் நுரை, தடுமாற்றம், ஆளைத் தெரியாத பார்வை. அந்த நிலையில் உள்ள நாயின் வாயிலும் மூக்கிலும் குச்சியை விடுகிற ஆள் நீங்களாக இருக்கக் கூடாது. உயிரோடு இருக்கும் நாய்க்கு நம்பகமான ரேபிஸ் டெஸ்ட் கிடையாது, இறந்தபின் மூளையைப் பார்த்துத்தான் உறுதி சொல்வார்கள். டிஸ்டெம்பர் கோடு வந்துவிட்டதால் ரேபிஸ் இல்லை என்றும் ஆகாது. எச்சில் பட்ட கீறல், கடி என்றால் 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு நேரே அரசு மருத்துவமனைக்கு. 1907-இலேயே வெறிநாய்க்கடிக்காகப் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் தொடங்கிய குன்னூரில் இதை யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

எந்த டெஸ்ட் எடுப்பதாக இருந்தாலும் கிளம்பும் முன் கிளினிக்குக்கு போன் போட்டு, "இருமல், சளி இருக்குங்க, வண்டியிலேயே வெயிட் பண்றோம்" என்று சொல்லிவிடுங்கள். காத்திருக்கும் பெஞ்சுக்கு அடியில் மூன்று மாதக் குட்டி முதல் ஊசிக்காக உட்கார்ந்திருக்கும். ஊசி அட்டை, இருமல் தொடங்கிய தேதி, கடைசியாக எந்த நாயோடு பழகியது, எந்த மருந்து ஏற்கெனவே கொடுத்தீர்கள் என்ற விவரம் கையில் இருக்கட்டும். இருமலை போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள், டாக்டர் முன்னால் எந்த நாயும் இருமாது.